எடுக்கவேண்டாம்

எங்கள் மருத்துவமனையின் மூன்றாவது மாடிக் கோடி அறையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை எல்லோரும் டைப்பிஸ்டக்கா என்றே கூப்பிட்டார்கள். பதவியின் பெயர் அதுவல்ல. ‘மருத்துவ ஆவண உதவியாளர், நிலை இரண்டு’ என்று கதவில் ஒரு பிளாஸ்டிக் பலகை தொங்கியது. நிலை ஒன்று என்று அந்தக் கட்டடத்தில் யாரும் இருந்ததே இல்லை. இல்லாத ஒருவருக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர்.

வேலை இதுதான்: நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் கிறுக்கிக் கொடுப்பதை, அல்லது போனில் முணுமுணுப்பதை, நல்ல தமிழில் ஒரு தாளாக்க வேண்டும். என்ன நோய், என்ன மாத்திரை, எதைச் செய்யக் கூடாது. வார்டில் அதற்கு வீட்டுத்தாள் என்று பெயர். நான் அதே அறையில், அடுத்த மேசையில், பழைய கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்குகிறவன். அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா இனிமையான மனுஷி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாய் கத்தரிக்கோல். ஒரு முறை பெரிய டாக்டர் ஒருவர் ‘மருந்தைச் சிறிதளவு தண்ணீரில் கலந்து’ என்று எழுதி அனுப்பியபோது, போனைப் போட்டுக் கேட்டார். “சிறிதளவுன்னா எவ்வளவு டாக்டர்? அவங்க வீட்ல சிறிதளவுன்னு ஒரு டம்ளர் இருக்காதே.” டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் ‘நூறு மில்லி’ என்ற பதிலும் வந்தது. அக்காவுக்கு அது போதும்.

பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், பார்க்கச் சகிக்காது. ஆனால் எண்டர் அடித்தால் வரி முடியும். அழித்தால் அழியும். இந்த இரண்டுக்கு மேல் அக்கா அதனிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

அதை ஒழித்துவிட்டுப் புது சிஸ்டம் கொண்டுவந்தவர் எங்கள் நிர்வாக அதிகாரி. ‘ஸ்லைடு’ என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். திரையில் ஒரு படத்தைப் போடாமல் அவரால் நல்ல வார்த்தை நாலு பேச முடியாது. புது சிஸ்டம் பிரவுசரிலேயே திறக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம், மேகத்தில் இருக்கிறது என்றார். அக்காவுக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் தட்டச்சு செய்ய எந்த அவசியமும் இல்லை. அவர் இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலியில்தான் இருந்தார்.

பயிற்சி கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் “கண்டிப்பா மேடம்” என்பார். அதுவே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. முதல் நாளே அக்கா அவரைக் கேட்டார்.

“தம்பி, எண்டர் அடிச்சா வரிக்கு நடுவுல இவ்வளவு பெரிய இடைவெளி விடுது. வீட்டுத்தாள் ஒரே பக்கத்துல அடங்கணும்னு மேல சொல்லியிருக்காங்க.”

“கண்டிப்பா மேடம். அது புது பத்தி, அதனால இடைவெளி. நீங்க ஷிப்ட் பிடிச்சுட்டு எண்டர் அடிங்க. வரி மட்டும் உடையும், இடைவெளி வராது.”

அக்கா அதைத் தன் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். தேதி போட்டு, நேரம் போட்டு. அவர் எதையும் அப்படித்தான் எழுதுவார்.

அதன் பிறகு அந்தச் சிஸ்டம் அக்காவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு எழுத்தை அழிக்க ஒரு தட்டுத் தட்டினால் கொம்பு மட்டும் போய் மொட்டை எழுத்து நிற்கும். இன்னொரு நாள் அதே தட்டுக்கு முழு எழுத்தும் போகும். ‘மாத்திரை’யில் கடைசி எழுத்தை அழித்துத் திரும்ப அடித்தால் ‘மாத்திமாத்திரை’ என்று காட்டும். கடைசியில் ஒரு புள்ளி வரிசை தானாக முளைக்கும். அழிக்க அழிக்க அது பக்கவாட்டில் நகருமே தவிரச் சாகாது. அக்கா ஒவ்வொன்றையும் கம்பெனிக்கு எழுதி அனுப்பினார். ‘உங்கள் கீபோர்டைச் சரிபார்க்கவும்’ என்று பதில் வந்தது. கீபோர்டை மாற்றினார். அதற்கடுத்து ‘உங்கள் பிரவுசரைச் சரிபார்க்கவும்’ என்று வந்தது. அதையும் மாற்றினார். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. மாற்றச் சொல்ல மிச்சம் இருந்தது அக்கா ஒருவர்தான்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வெல்டர் ஒருவரின் வீட்டுத்தாள் வந்தது. ஐம்பத்தோரு வயது. இதயம் தாறுமாறாக அடித்ததால் சேர்க்கப்பட்டவர். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு வெள்ளை மாத்திரை. அதை ஒரு நாள்கூட விடக் கூடாது. அந்த இதய டாக்டர் வார்த்தையில் கஞ்சன். ‘எடுக்கவும்’ என்று எழுத மாட்டார், ‘எடுக்க’ போதும் என்பார். அதையே அக்காவும் அடித்தார்:

வெள்ளை மாத்திரை, காலை ஒன்று, தினமும் எடுக்க
வேண்டாம்: வலி மாத்திரை, புகை, பாரம் தூக்குதல்

முடிக்கும் நேரத்தில் டாக்டர் போன் செய்தார். ஒன்று இல்லை, அரை. அக்கா முதல் வரியை முழுவதும் அழித்துவிட்டு ‘காலை அரை’ என்று திரும்ப அடித்தார். திரையில் ஒரு முறை படித்தார், இரண்டு வரியும் தனித்தனியாக நின்றன. சேமித்தார். தாள் வார்டு பிரிண்டரில் வெளியே வந்தது. நர்ஸ் மடித்துக் கவரில் போட்டாள். வெல்டர் வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டாவது நாள் வெல்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் டம்ளரைப் பிடிக்கப் போனவருக்கு வலது கை கேட்கவில்லை. வாய் கோணியிருந்தது. இரத்தக் கட்டி மூளைக்குப் போயிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, கை எவ்வளவு திரும்பும் என்று பிறகுதான் தெரியும் என்றார்கள். “மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?” என்று டாக்டர் கத்தியபோது, அவர் மனைவி கவரிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒரே வரியாக இருந்தது:

வெள்ளை மாத்திரை, காலை அரை, தினமும் எடுக்கவேண்டாம்: வலி மாத்திரை, புகை, பாரம் தூக்குதல்

மறுநாள் அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. ‘கவனக்குறைவு, விளக்கம் தருக, ஒரு வாரம்.’ ஸ்லைடு அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சேமித்த கோப்பைத் திறந்து காட்டினார். அதிலும் ஒரே வரிதான்.

“இது நீங்க அடிச்சதுதானே?”

“நான் அடிச்சதுதான் சார். இப்படி அடிக்கல.”

“கம்ப்யூட்டர் தானா எப்படிம்மா மாத்தும்?”

இந்தக் கேள்வியை அவர் நிஜமாகவே கேட்டார். கம்ப்யூட்டர் தானாகவே எல்லாம் செய்யும் என்று இருபத்தாறு ஸ்லைடு போட்டு அதை வாங்கிய அதே மனிதர்.

அறைக்குத் திரும்பிய அக்கா நோட்டை எடுத்துப் பின்னுக்குப் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, “நான்தான் எண்டர் அடிக்க மறந்துட்டேனோ?” என்றார். அப்படி ஒரு கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ‘இல்லக்கா, நான் பார்த்தேன், ரெண்டு வரியாத்தான் இருந்துச்சு’ என்று சொல்லியிருக்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான். வேலை எல்லோருக்கும் வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

“தப்பு என்னுதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடலாமான்னு பாக்குறேன்ங்க. மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்க.”

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னாராம்: “லிப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுச்சுன்னா, உள்ள இருக்கறவன் பட்டனைத் தப்பா அமுக்கிட்டான்னு நான் ரிப்போர்ட் எழுத முடியுமா? செருப்பால அடிப்பாங்க. இவனுங்க மட்டும் எழுதுவானுங்களா? நீ என்ன செஞ்சியோ அதையே திரும்பச் செஞ்சு பாரு. ஒண்ணு விடாம, அதே வரிசைல. மறுபடி நிக்கும்.”

மூன்று நாள் அக்கா அதைத்தான் செய்தார். சோதனைக்கு ஒரு கற்பனை நோயாளியை உண்டாக்கிக்கொண்டு, வேலைக்கு நடுவே அந்த இரண்டு வரிகளையே அடித்தார். ஷிப்ட் பிடித்து எண்டர் அடித்தார், சேமித்தார், திறந்தார். சரியாகவே வந்தது. வேகமாக அடித்தார், மெதுவாக அடித்தார். சரியாகவே வந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் எண் போட்டு எழுதினார். நாற்பது வரை எல்லாம் சரி. மூன்றாம் நாள் மதியம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“போன் வந்துச்சு. அரைன்னு சொன்னாரு. நான் வரியை முழுசா அழிச்சேன்.”

அழித்தார். காலியான வரியில் திரும்ப அடித்தார். திரையில் இரண்டு வரி. சேமித்தார். மூடித் திறந்தார்.

எடுக்கவேண்டாம்.

“இங்க வாங்க” என்றார். நான் டப்பாவை மூடாமலே எழுந்து போனேன். இன்னும் ஐந்து முறை செய்து காட்டினார். ஐந்து முறையும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு எழுத்தை மிச்சம் வைத்து அழித்தால் ஒட்டவில்லை. வரியை மொத்தமாகக் காலி செய்து திரும்ப அடித்தால் ஒட்டியது. அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

விசாரணை நாளில் நீள மேசையைச் சுற்றி ஸ்லைடு, இதய டாக்டர், வார்டு சிஸ்டர், கண்டிப்பா மேடம், அக்கா. கோப்பு எடுத்துக் கொடுக்க நான். ஸ்லைடு ஒரு படம் போட்டார். அதில் ‘மனிதத் தவறு’ என்று ஒரு வட்டமும் அதற்குள் பல அம்புகளும் இருந்தன. கண்டிப்பா மேடம் மென்மையான குரலில் ஆரம்பித்தார்.

“யூசர் ஷிப்ட் எண்டர் பயன்படுத்தியிருக்காங்க. மருந்துக் குறிப்புக்கு நாங்க அதைப் பரிந்துரைக்கறதே இல்ல.”

அக்கா நோட்டைத் திறந்து படித்தார். தேதி, நேரம், ‘ஷிப்ட் பிடித்து எண்டர், இடைவெளி வராது, சொன்னவர் பயிற்சியாளர்.’

“அது... ஒரு டிப்ஸாச் சொன்னது மேடம்.”

“சரி. டிப்ஸாவே செஞ்சு காட்டுங்க. நான் தொட மாட்டேன். நீங்களே அடிங்க.”

அவர் அடித்தார். அக்கா சொல்லச் சொல்ல, அவர் கையாலேயே, பெரிய திரையில். முதல் வரி, ஷிப்ட் எண்டர், இரண்டாவது வரி. முதல் வரியை அழி. திரும்ப அடி. சேமி. திற. இதய டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைச் சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தினார். “ஐயோ” என்றார். வார்த்தையில் கஞ்சனான அவர் அன்று பேசியது அது ஒன்றுதான்.

கண்டிப்பா மேடம் எழுந்து வெளியே போனார். போனில் கம்பெனியோடு குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து விளக்கினார். வரி காலியானால் பிரவுசர் அந்த இடத்தையே மூடிவிடுமாம். மூடாமல் இருக்க அவர்கள் அங்கே ஒரு பொய் வரிமுறிவை, அதாவது யாரும் அடிக்காத ஒரு எண்டரை, முட்டுக் கொடுத்து வைப்பார்களாம். சேமிக்கும்போது அந்த முட்டுகளைப் பொறுக்கி எறிந்துவிடுவார்களாம். காலியான வரியில் திரும்ப அடித்தால், எது முட்டு, எது நிஜம் என்று அதற்குத் தெரியவில்லையாம்.

“முட்டுக் குடுத்த குச்சியை எடுக்கறேன்னு தூணை உருவிட்டீங்க” என்றார் அக்கா. “அது தெரியாம எனக்கு ‘கவனக்குறைவு’.”

ஸ்லைடு தொண்டையைச் செருமினார். “இதை ஒருங்கிணைப்பு இடைவெளின்னு பதிவு பண்ணிக்கலாம்.”

“இடைவெளி இல்லாமப் போனதுதான் சார் பிரச்சனையே” என்றார் வார்டு சிஸ்டர்.

குறிப்பாணையைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்லைடு அதோடு கோப்பை மூடப் பார்த்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“நாலு மாசமா போன தாள்லாம்?”

“அது ரொம்ப அபூர்வமான சூழ்நிலைம்மா. ரிஸ்க் சின்னது.”

“நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரியை அழிச்சு அடிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்குத் தெரியாது. அதான் பாக்கணும்கிறேன்.”

“அதுக்கு ஆள் இல்லையே.”

“நான் இருக்கேன். இவர் இருக்கார்” என்று என்னைக் காட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுக்க வாய் வரவில்லை. வராமல் போனது நல்லதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் தாள். பன்னிரண்டு வேலை நாள். நான் எடுத்துக் கொடுக்க, அக்காவும் ஓய்வு நேரத்தில் வார்டு சிஸ்டரும் வரி வரியாகப் படித்தார்கள். வெல்டருடையது போக, பதினோரு தாளில் வரி ஒட்டியிருந்தது. எட்டில் வெறும் அசிங்கம்தான், ஆபத்தில்லை. மூன்றில் அர்த்தமே மாறியிருந்தது. அந்த மூன்று வீட்டுக்கும் அக்காவே போன் செய்தார். ஒரு வீட்டில் மருந்துக் கடைக்காரரைக் கேட்டுத் தெளிந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் தாளைப் படிக்கவே இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அந்தச் சோம்பல்தான். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் இருபது நாளாகச் சர்க்கரை மாத்திரையைத் தவறான வேளையில் விழுங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் வரவழைத்துச் சரிசெய்தார்கள்.

கம்பெனி ஒரு மாதம் கழித்துக் கோளாறைத் திருத்தியது. அதற்கான அறிவிப்பு ஒரே வரி: ‘சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.’ ஒரு மனிதனின் வலது கை அந்தச் ‘சிறு’வுக்குள் இருந்தது. அவர்கள் எழுதியதிலேயே வரி ஒட்டாமல் முழுசாக வந்து சேர்ந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெல்டர் வீட்டாரோடு ஊழியர்கள் யாரும் நேரடியாகப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அக்கா அதைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

பட்டறைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் கட்டிலில் வெல்டர் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து பாதி அமுங்கியது. பேச்சு தெளிவாகவே வந்தது. அவர் மனைவி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“அந்தத் தாளை அடிச்சது நான்தான்” என்றார் அக்கா.

வெல்டர் பந்தை அமுக்குவதை நிறுத்தினார். மனைவிதான் பேசினார், தரையைப் பார்த்தபடி.

“அக்கா, அதுல என்ன தப்பு இருக்கு? நான்தான் படிக்கத் தெரியாமப் படிச்சேன். மூணு தடவை படிச்சேன். எடுக்க வேண்டாம்னா ஏன் அரைன்னு போட்டிருக்குன்னு தோணிச்சு. வார்டுக்குப் போன் பண்ணேன், யாரும் எடுக்கல. படிச்சவங்க எழுதியிருக்காங்களே, நமக்கென்ன தெரியும்னு மாத்திரையை எடுத்து உள்ள வெச்சுட்டேன். இவரு கேட்டாரு. குடுக்க மாட்டேன்னு சொன்னது நான்தான்.”

“அவ தூங்கறதே இல்ல” என்றார் வெல்டர்.

அக்கா எழுந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். எனக்குத் தெரிந்தவரை யாரையும் தொட்டுப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க பாரும்மா. நீ சரியாத்தான் படிச்சே. தாள்ல அப்படித்தான் இருந்துச்சு. அதை எவன் படிச்சாலும் அப்படித்தான் படிப்பான், டாக்டரே அப்படித்தான் படிச்சாரு, நான் கூட இருந்தேன். நான் ரெண்டு வரியா அடிச்சேன், மெஷின் ஒண்ணாக்கிருச்சு. அதைச் செஞ்சவங்களுக்கே அது தெரியல. நீ தப்பே பண்ணல.”

அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. அக்கா நோட்டைப் பிரித்து, கீழே உட்கார்ந்து, முதல் சோதனையிலிருந்து நாற்பத்தொன்று வரை ஒவ்வொன்றாகக் காட்டினார். எண்டர் என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் பெண் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வெல்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நோட்டின் நகல்தான் பிறகு அவர்களுடைய வக்கீலிடம் போனது. யார் கொடுத்தார்கள் என்று ஸ்லைடு எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். என்னையும் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அந்த வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தப் பொய். மருத்துவமனையும் கம்பெனியும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டுக் கடைசியில் இழப்பீடு கொடுத்து வழக்கு இல்லாமலே முடித்துக்கொண்டன. வெல்டர் இப்போது பட்டறையைத் திரும்பத் திறந்திருக்கிறார். இடது கையால் வெல்டிங் கம்பியைப் பிடிக்கிறார், மெதுவாகத்தான், வேலைக்கு ஒரு ஆளும் வைத்திருக்கிறார்.

கம்பெனி தங்கள் மாநாட்டில் ‘பயனர் அனுபவம்’ பற்றிப் பேச அக்காவைக் கூப்பிட்டது. “அனுபவம் எனக்கில்ல, அந்த வெல்டருக்கு. அவரைக் கூப்பிடுங்க” என்று பதில் எழுதினார். மூன்றாவது கடிதத்தைப் போலவே இதற்கும் பதில் வரவில்லை.

இப்போதெல்லாம் அக்கா திரையை நம்புவதில்லை. ஒவ்வொரு தாளையும் சேமித்தபின் இரண்டு மாடி இறங்கி வார்டு பிரிண்டருக்குப் போய், வெளியே வருவதை நின்று படித்துவிட்டுத்தான் நர்ஸ் கையில் கொடுக்கிறார். நேரம் வீணாகிறது என்று ஸ்லைடு இரண்டு படம் போட்டுக் காட்டினார். அக்கா படத்தைப் பார்த்துவிட்டுப் பிரிண்டருக்குப் போய்விட்டார். வார்டு சிஸ்டர் எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தேடிப் பிடித்து பிரிண்டர் பக்கத்தில் போட்டிருக்கிறார். நிர்வாகத்திடம் கேட்டிருந்தால் அது இன்னும் ஸ்லைடிலேயே இருந்திருக்கும்.